டிசிஎஸ் வேர்ல்டில் சொந்த மிஷன் உருவாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசிஎஸ் வேர்ல்டு என்ற போர் விமான சிமுலேட்டரில் ஓரளவு பறக்கப் பழகியவர்கள் சீக்கிரமே, பறந்து முடிக்க வேண்டிய பணிகளை நாமே உருவாக்கும் மிஷன் எடிட்டர் பக்கம் வந்துவிடுகிறார்கள். வந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். ஏவுகணை சுடவில்லை, வாகனங்கள் நகரவில்லை, திரையில் செய்தி நிற்காமல் ஓடுகிறது என்று திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை இலவசமாகக் கிடைக்கும் காகசஸ் வரைபடத்தையும் சு-25டி தரைத்தாக்குதல் விமானத்தையும் வைத்தே அமைந்திருக்கின்றன. எடிட்டரும் அந்த இலவசத் தொகுப்பிலேயே வருகிறது. ஆகவே எதையும் வாங்காமலே கற்றுக்கொள்ளலாம். என் கருத்தில், வரைபடத்தில் எத்தனை டாங்கிகளை நிறுத்துகிறோம் என்பதைவிட, விமானிக்கு எந்த நேரத்தில் என்ன தெரியவருகிறது, அதை வைத்து முடிவெடுக்க எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது என்பதே மிஷனின் தரத்தைத் தீர்மானிக்கிறது. கீழுள்ள பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும்.

எடிட்டரைத் திறந்தால் வரைபடமும் ஏகப்பட்ட பொத்தான்களும்தான் தெரிகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

எதையும் வைப்பதற்கு முன் தாளில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். "செனாக்கி தளத்திலிருந்து கிளம்பும் இரண்டு சு-25டி விமானங்கள், கலி நகரிலிருந்து தெற்கே வரும் வாகன அணி எங்குரி ஆற்றுப் பாலத்தைக் கடப்பதற்குள் அதைத் தடுக்க வேண்டும்." யார், எங்கிருந்து, எதை, எதற்குள் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. "எதற்குள்" என்பது இல்லாவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் சுடுபயிற்சி மைதானம்.

பிறகு உங்கள் விமானத்தை செனாக்கியில் வையுங்கள். எதிரி வாகன அணியை கலியில் வைத்து அதற்கு வழி போடுங்கள். வெற்றியை அறிவிக்கும் ஒரே ஒரு டிரிக்கரை, அதாவது நிபந்தனையும் அதன் விளைவும் சேர்ந்த விதியை, எழுதுங்கள். சேமித்து உடனே பறந்து பாருங்கள். இந்த எலும்புக்கூடு தொடக்கம் முதல் முடிவு வரை ஓடும் வரைக்கும் வேறெதையும் சேர்க்காதீர்கள். நூறு யூனிட்டுகளை (வாகனங்கள், விமானங்கள்) வைத்தபின் எது கோளாறு என்று தேடுவது பெரும்பாடு.

இதற்கு நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். "இது நடந்தால் அதைச் செய்" என்ற வடிவில், பட்டியல்களிலிருந்து தேர்ந்தெடுத்தே டிரிக்கர்களை அமைக்கலாம். நல்ல மிஷன்கள் பலவும் ஒரு வரி நிரல்கூட இல்லாமல் உருவானவை. லுவா என்ற நிரல்மொழி எப்போது தேவைப்படும் என்பதைப் பின்னால் தனிக் கேள்வியாகச் சொல்லியிருக்கிறேன்.

என் விமானத்தின் திறன் அளவில் 'பிளேயர்' போடுவதா, 'கிளையண்ட்' போடுவதா?

தனியாக மட்டுமே பறக்கப் போகிறீர்கள் என்றால் பிளேயர். மிஷன் தொடங்கியதும் நேராக அந்த இருக்கையில் அமர்வீர்கள். நண்பர்களோடு பறப்பதாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு கிளையண்ட். அதில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் திரை வரும், சுட்டு வீழ்த்தப்பட்டால் மறுபடியும் உள்ளே வரலாம்.

கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. கிளையண்ட் விமானத்தில் ஒருவர் ஏறி அமரும்வரை அந்த விமானம் களத்திலேயே கிடையாது. ஆகவே "இந்த விமானம் இந்த இடத்துக்கு வந்தால்" என்று ஒரு குறிப்பிட்ட யூனிட்டை வைத்து எழுதிய டிரிக்கர், அந்த இருக்கை காலியாக இருந்தால் வேலை செய்யாது. பலர் ஆடும் மிஷனில் "நீலத் தரப்பில் (இங்கே உங்கள் பக்கம்) யாராவது ஒருவர் இந்த வட்டத்துக்குள் வந்தால்" என்ற நிபந்தனையையே பயன்படுத்துங்கள்.

கூப் ஏவுகணை வாகனங்கள் நான்கை வைத்தேன். தலைக்கு மேலே பறந்தாலும் சுடவே இல்லை. ஏன்?

அந்த வாகனங்களுக்குக் கண் இல்லை. மேற்கில் எஸ்ஏ-6 என்று அழைக்கப்படும் கூப் அமைப்பில் ஏவுகணையைச் சுமக்கும் வாகனம் வேறு, இலக்கைத் தேடிப் பிடித்து வழிகாட்டும் 1எஸ்91 ரேடார் வாகனம் வேறு. இரண்டும் ஒரே குரூப்பில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தால் போதாது. எடிட்டரில் குரூப் என்பதுதான் ஒரு படையணி, யூனிட் அதன் உறுப்பினர். ரேடாரைத் தனிக் குரூப்பாக வைத்தால் அது பக்கத்து ஏவுகணை வாகனங்களோடு பேசாது.

எஸ்-75 ஏவுகணை அமைப்புக்கு பி-19 தேடல் ரேடாரும் எஸ்என்ஆர்-75 வழிகாட்டு ரேடாரும் வேண்டும். எஸ்-300 அமைப்புக்குத் தேடல் ரேடார், வழிகாட்டு ரேடார், கட்டளை வாகனம், ஏவுவாகனம் எல்லாமே ஒரே குரூப்பில் வேண்டும். ஷில்கா, ஓசா, தோர், துங்குஸ்கா ஆகிய வான் பாதுகாப்பு வாகனங்கள் தம் ரேடாரைத் தாமே சுமப்பவை. அவற்றைத் தனியாக வைத்தாலும் சுடும்.

அமைப்பு சரியாக இருந்தும் சுடவில்லை என்றால் குரூப்பின் முதல் வேபாயிண்டில் (அதன் பாதையில் குறித்த புள்ளி) இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சுடும் அனுமதி 'வெப்பன் ஹோல்டு' (சுடாதே) என்று இருக்கக் கூடாது. 'அலார்ம் ஸ்டேட்' பச்சையில் இருந்தால் அந்த அணி அமைதிக்கால நிலையில் நிற்கும், சண்டைக்குத் தயாராக நிற்க வேண்டுமானால் சிவப்பு.

எதிரி வான் பாதுகாப்பை எவ்வளவு வைப்பது? வைத்தால் உடனே சாகிறேன், எடுத்தால் சலிப்பாக இருக்கிறது.

எண்ணிக்கையை மறந்துவிட்டு இரண்டு தூரங்களை ஒப்பிடுங்கள். உங்கள் ஆயுதம் எட்டும் தூரம் ஒன்று, எதிரியின் ஆயுதம் எட்டும் தூரம் மற்றொன்று. சு-25டி சுமக்கும் விக்ர் ஏவுகணை ஏறத்தாழ 8 கிலோமீட்டரிலிருந்து அடிக்கும். விமானம் அதில் பதினாறைச் சுமக்கும். ஷில்காவின் பீரங்கி சுமார் 2.5 கிலோமீட்டர்தான் எட்டும், ஸ்ட்ரெலா-10 ஏவுகணை வாகனம் சுமார் 5 கிலோமீட்டர். இவ்விரண்டையும் மட்டும் வைத்தால் விமானி பாதுகாப்பான தொலைவில் நின்று ஒவ்வொன்றாக அடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். பத்து ஷில்கா வைத்தாலும் இந்த நிலைமை மாறாது.

இப்போது அதே வாகன அணியில் ஒரே ஒரு ஓசாவைச் சேர்த்துப் பாருங்கள். அது சுமார் 10 கிலோமீட்டர் எட்டும். விக்ர் ஏவுகணையை விமானி ஏவுவதற்கு முன்பே அவர் ஓசாவின் எல்லைக்குள் இருப்பார். மேலும் விக்ர் இலக்கைத் தொடும்வரை ஷ்க்வால் தொலைக்காட்சிக் கருவியால் இலக்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், உடனே திரும்பி ஓட முடியாது. ஒரே வாகனத்தால் மிஷன் முழுதும் மாறிவிட்டது. விமானி இனி யோசித்தாக வேண்டும். வடகிழக்கே உள்ள குன்றுகளுக்குப் பின்னால் தாழப் பறந்து மறைந்து வரலாம். துணை விமானத்துக்கு ரேடாரைத் தேடி அடிக்கும் கேஎச்-58 ஏவுகணையும் அதற்குரிய ஃபான்டஸ்மகோரியா கருவியும் கொடுத்து முதலில் ஓசாவை அடிக்கச் சொல்லலாம்.

ஆகவே என் பரிந்துரை: விமானியின் முக்கிய ஆயுதத்தைவிடச் சற்றே தூரம் எட்டும் ஒரு அச்சுறுத்தல், அதைத் தாண்ட நேர்மையான இரண்டு வழிகள். ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றால் அது புதிராகிவிடும், எந்த வழியும் இல்லை என்றால் அது தண்டனை.

நான் இயந்திரத்தை இயக்கி மேலே எழும்பிப் போவதற்குள் வாகன அணி பாலத்தைக் கடந்துவிடுகிறது. நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

கடிகாரத்தை நம்பி வடிவமைத்தால் இந்தச் சிக்கல் தீராது. ஒருவர் ஐந்து நிமிடத்தில் கிளம்புவார், இன்னொருவர் நிதானமாக எல்லாம் சரிபார்த்து இருபது நிமிடம் எடுப்பார். இருவருக்கும் அதே பரபரப்பு கிடைக்க வேண்டும் என்றால், வாகன அணியின் புறப்பாட்டை விமானியின் செயலோடு கட்டுங்கள்.

செய்முறை இதுதான். வாகன அணியின் முதல் வேபாயிண்டில் 'ஹோல்டு' என்ற பணியைக் கொடுத்து, அதன் நிறுத்த நிபந்தனையாக 10 என்ற எண்ணுள்ள ஃபிளாக்கை (டிரிக்கர்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு குறி, பின்னால் விளக்கியிருக்கிறேன்) குறிப்பிடுங்கள். செனாக்கிக்கு மேல் ஒரு டிரிக்கர் வட்டத்தைப் போட்டு, விமானி அதற்குள் இருந்து, உயரமும் 300 மீட்டரைத் தாண்டினால் அந்த ஃபிளாக் ஏறும்படி வையுங்கள். உயர நிபந்தனை அவசியம். ஏனென்றால் டிரிக்கர் வட்டத்துக்கு உயர எல்லை கிடையாது, தரையில் நிற்கும் விமானமும் "உள்ளே" என்றே கணக்காகும். அதைச் சேர்க்காவிட்டால் மிஷன் தொடங்கிய மறுவினாடியே வாகனங்கள் கிளம்பிவிடும்.

அதன்பின் கணக்கு எளிது. பாலம்வரை 15 கிலோமீட்டர் சாலை என்று வையுங்கள், 30 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம். மணிக்கு 600 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் நிமிடத்துக்கு 10 கிலோமீட்டர் கடக்கும், செனாக்கியிலிருந்து சில நிமிடங்களில் அங்கே இருக்கும். எஞ்சிய நேரம் தேட, வட்டமடிக்க, ஓசாவைச் சமாளிக்க. அது அதிகம் என்று தோன்றினால் வாகனங்களின் தொடக்க இடத்தைப் பாலத்தை நோக்கி நகர்த்துங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள், வளைவுகளில் அணி சிதறும்.

வாகனங்கள் சாலையை விட்டு வயலில் போகின்றன, பாலத்தருகே நின்றும் விடுகின்றன.

ஒவ்வொரு வேபாயிண்டின் வகையையும் 'ஆன் ரோடு' என்று மாற்றுங்கள். முதல் வேபாயிண்டை மறந்துவிடுபவர்கள் அதிகம். பாலங்களில் நெரிசல் ஏற்படுவது எடிட்டரின் பழைய தலைவலி. நேரத்தை வேகமாக ஓட்டி, வாகன அணி கடைசிவரை போகிறதா என்று விமானமே இல்லாமல் ஒருமுறை பாருங்கள். அணி சிறியதாக இருந்தால், எட்டு வாகனங்களுக்குள், சிக்கல் வெகுவாகக் குறையும்.

'லேட் ஆக்டிவேஷன்' என்பதும் 'அன்கன்ட்ரோல்டு' என்பதும் ஒன்றா?

இல்லை. லேட் ஆக்டிவேஷன் குறியிட்ட குரூப், நீங்கள் டிரிக்கரால் அழைக்கும்வரை உலகத்திலேயே இருக்காது. அழைத்த கணத்தில் வரைபடத்தில் வைத்த இடத்தில் தோன்றும். அன்கன்ட்ரோல்டு விமானம் தொடக்கத்திலிருந்தே ஓடுதளத்தருகே அணைந்த இயந்திரத்தோடு நிற்கும், கட்டளை வந்ததும் இயக்கிக் கிளம்பும்.

விமானியின் கண்ணுக்கு எட்டும் இடத்தில் எதையும் திடீரென்று தோன்ற வைக்காதீர்கள். வெட்டவெளியில் டாங்கி முளைப்பதைப் பார்த்த விமானி அந்த மிஷனில் அதன்பின் எதையும் நம்ப மாட்டார். சுகுமி தளத்திலிருந்து எதிரிப் போர் விமானங்கள் வர வேண்டுமானால் அன்கன்ட்ரோல்டு சிறந்தது. விமானி முன்கூட்டியே போய் அவற்றைத் தரையிலேயே அடிக்கவும் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

ஒரு செய்தியைக் காட்டச் சொன்னால் வினாடிக்கு ஒருமுறை வந்து திரையை நிரப்புகிறது.

டிரிக்கரின் வகை தவறு. 'ரிபீட்டிட்டிவ் ஆக்ஷன்' என்பது நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும். 'ஒன்ஸ்' ஒரே ஒருமுறை ஓடி முடிந்துவிடும். 'ஸ்விட்ச்டு கண்டிஷன்' நிபந்தனை பொய்யிலிருந்து உண்மையாக மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை ஓடும். விமானி எல்லையைத் தாண்டும்போதெல்லாம் எச்சரிக்க வேண்டுமானால் இதுதான் உங்களுக்கு வேண்டியது. 'மிஷன் ஸ்டார்ட்' தொடக்கத்தில் மட்டும். சந்தேகம் வந்தால் ஒன்ஸ் வையுங்கள், பத்தில் ஒன்பது டிரிக்கர்களுக்கு அது போதும்.

ஃபிளாக் என்று எல்லா இடத்திலும் சொல்கிறீர்கள். அது உண்மையில் என்ன?

சமையலறை நாட்காட்டியில் பால் கணக்கைக் குறித்து வைப்பதைப் போன்றதுதான். ஒருவர் குறிக்கிறார், வீட்டில் வேறு யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு டிரிக்கர் ஃபிளாக்கை ஏற்றுகிறது, மற்றொரு டிரிக்கரோ வாகன அணியின் வேபாயிண்டோ அதைப் பார்த்து நடந்துகொள்கிறது. அது உண்மை, பொய் என்று மட்டும் அல்லாமல் எண்ணாகவும் இருக்கலாம். ஆகவே அழிந்த இலக்குகளை எண்ணவும் உதவும்.

இரண்டு வசதிகளை ஆரம்பத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். ஃபிளாக் ஏறி இத்தனை வினாடி ஆனபின் என்ற நிபந்தனை, செய்திகளுக்கு இடையில் இயல்பான இடைவெளி விட உதவும். ஃபிளாக்குக்குக் குறிப்பிட்ட எல்லைக்குள் ஏதோவொரு எண்ணைக் கொடுக்கும் செயல், ஒவ்வொரு முறையும் மிஷன் வேறுவிதமாக நடக்க உதவும். எந்த எண் எதற்கு என்று தனியாக ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் 37 எதற்கு என்று நினைவிருக்காது.

எல்லா வாகனங்களையும் அழித்தேன், ஆனாலும் வெற்றி என்று வரவில்லை.

எல்லாவற்றையும் அழிக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். குரூப் அழிந்தது என்ற நிபந்தனைக்குக் கடைசி லாரியும் அழிய வேண்டும். அது புதருக்குள் சேதமடைந்து நின்றிருக்கும். அதற்குப் பதில் "குரூப்பில் உயிரோடு இருப்பது இத்தனை சதவீதத்துக்குக் கீழே" என்ற நிபந்தனையை வையுங்கள். 30 சதவீதம் நல்ல தொடக்கம். பெரும்பகுதி வாகனங்களை இழந்த அணி ஆற்றைக் கடந்து தாக்காது என்பது நியாயமான கற்பனையும்கூட.

செய்தி காட்டுவது வேறு, மதிப்பெண் கொடுப்பது வேறு என்பதையும் கவனியுங்கள். மிஷன் கோல்ஸ் என்ற பகுதியில் மதிப்பெண் வைக்காவிட்டால், தொடர் மிஷன்களில் நீங்கள் வென்றதாகவே கணக்காகாது. அங்கே 50-க்கு மேல் இருந்தால்தான் அடுத்த கட்டம்.

கணினி ஓட்டும் துணை விமானங்கள் எதிரியைப் பார்த்தும் தாக்குவதில்லை. சில நேரம் பாதியில் தளத்துக்குத் திரும்பிவிடுகின்றன.

நான்கு காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். முதலாவது, குரூப்பின் பொதுப் பணி. வான்காவல் என்று இருக்கும் விமானம் டாங்கியை அடிக்காது. இரண்டாவது, ஆயுதம். பணிக்குப் பொருந்தாத ஆயுதம் இருந்தால் வெறுமனே வேபாயிண்டைச் சுற்றி வரும். மூன்றாவது, சுடும் அனுமதி. நான்காவது எரிபொருள். கணினி விமானிகள் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் திரும்பிவிடுவார்கள். தூரத்துக்குப் போகும் அணிக்கு வெளித்தொட்டி கொடுங்கள்.

நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. "இந்தக் குரூப்பைத் தாக்கு" என்ற நேரடிப் பணி அந்த வேபாயிண்டுக்கு வந்ததும் தொடங்கும். "வழியில் தென்பட்டால் மோது" என்ற வகைப் பணி இலக்கைக் கண்டுபிடித்தால் மட்டுமே நடக்கும். மேகத்துக்கு மேலே பறக்கும் அணிக்கு இரண்டாவது வகையைக் கொடுத்துவிட்டு, தாக்கவில்லை என்று வருந்துபவர்கள் பலர். மேலும் பணிகள் பட்டியலில் உள்ள வரிசைப்படியே நடக்கும். முடிவே இல்லாத வட்டமடிக்கும் பணி மேலே இருந்தால் கீழே உள்ள எதுவும் தொடங்காது. அதற்கு ஒரு நிறுத்த நிபந்தனை கொடுங்கள்.

எரிபொருள் நிரப்பும் விமானம் ஆமை வேகத்தில் போகிறது. எடிட்டரில் 300 நாட் (மணிக்கு 300 கடல் மைல்) என்றுதானே வைத்தேன்?

சு-25டிக்கு வானில் எரிபொருள் நிரப்பும் வசதி இல்லை. எஃப்-16, எஃப்/ஏ-18 போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்கான பதில் இது. எடிட்டரில் நீங்கள் எழுதுவது தரையைப் பொறுத்த வேகம். விமானி தன் கருவியில் பார்ப்பது காற்றழுத்தத்தைச் சார்ந்த வேகம். உயரே காற்று மெலிவதால் இரண்டும் விலகிக்கொண்டே போகும். 20,000 அடியில் கருவி 300 நாட் காட்ட வேண்டுமானால் எடிட்டரில் ஏறத்தாழ 400 வேண்டும். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 2 சதவீதம் கூட்டினால் போதுமான அளவு சரியாக வரும்.

விமானத்துக்கேற்ற எரிபொருள் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். எஃப்-16, ஏ-10 இரண்டும் நீள்குழாய் வகையில் நிரப்புபவை, எஃப்/ஏ-18 கூடை வகை (தொங்கும் குழாயின் நுனிக் கூடையில் இணைவது). அழகாக டாக்கான் (விமானத்தைத் தேடிப் போக உதவும் வானொலி வழிகாட்டி) அலைவரிசை கொடுத்து, தவறான வகை விமானத்தை வைத்த மிஷனில் விமானி அரை மணி நேரம் பறந்துபோய் ஏமாறுவார்.

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும்போது பக்கவாட்டில் தள்ளப்படுகிறேன். மிஷனில் ஏதாவது தவறா?

பெரும்பாலும் கப்பலின் பாதைதான். கப்பல் காற்றை எதிர்கொண்டு செல்ல வேண்டும். அதன் வேகமும் காற்றும் சேர்ந்து தளத்தின் மீது ஏறத்தாழ 25 நாட் கிடைத்தால் நல்லது. இறங்குதளம் கப்பலின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 9 பாகை இடப்புறம் சாய்ந்திருப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். காற்று மெலிதாக வீசும் வானிலையை வைத்துக் கப்பலின் வேகத்தால் ஈடுகட்டுவது எளிய வழி.

மிஷன் விளக்கத்தைத் தமிழில் கொடுக்க முடியுமா? எவ்வளவு எழுதலாம்?

தாராளமாக முடியும், கொடுக்கவும் வேண்டும். மிஷன் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் தொகுப்பு. அதன் நீட்டிப்பை மாற்றித் திறந்தால் உள்ளே கோப்புறைகள் தெரியும். நீபோர்டு என்ற கோப்புறையும் அதனுள் இமேஜஸ் என்ற கோப்புறையும் உருவாக்கிப் படங்களைப் போட்டால், அவை விமானியின் தொடைப் பலகையில் பக்கங்களாக வரும். படம்தானே, தமிழில் எழுதி வரைந்து வைக்கலாம். ஒலிக்கும் அப்படியே. தமிழில் பேசிப் பதிவுசெய்த கோப்பை டிரிக்கரில் இணைத்தால் காதில் தமிழ் கேட்கும். "பாலத்துக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர், சீக்கிரம்" என்று தரைப்படையின் குரல் பின்னணி இரைச்சலோடு வரும்போது, திரையில் ஓடும் எழுத்தால் தர முடியாத அவசரம் வந்துவிடுகிறது.

விளக்கத்தின் நீளத்தைப் பொறுத்தவரை ஒரு பக்கம் போதும். நிலைமை இரண்டு வரி, உங்கள் பணி ஒரு வரி, தெரிந்த அச்சுறுத்தல், நட்புப் படை எங்கே, அலைவரிசை, திரும்ப வேண்டிய எரிபொருள் அளவு, செனாக்கி மூடப்பட்டால் இறங்க வேண்டிய மாற்றுத் தளம். எங்கள் எடுத்துக்காட்டில் அது குட்டைசி. உளவுத் தகவல் முழுமையாக இருக்க வேண்டியதில்லை. "அணியில் வான் பாதுகாப்பு வாகனம் இருக்கலாம்" என்றால் போதும். ஆனால் பொய் சொல்லாதீர்கள். ஓசா இல்லை என்று எழுதிவிட்டு வைப்பது விமானியை ஏமாற்றுவது.

உண்மையில் நடந்த போரை மிஷனாக்க ஆசை. எப்படி அணுகுவது?

முழுப் போரையும் செய்ய முயலாதீர்கள், அதில் ஒரு காக்பிட்டைத் தேர்ந்தெடுங்கள். 1982 ஜூன் 9 அன்று லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் இஸ்ரேலிய விமானப்படை, சிரியாவின் 19 ஏவுகணைத் தொகுதிகளில் 17-ஐ அழித்தது. ஆளில்லா விமானங்களை ஏமாற்று இலக்குகளாக அனுப்பி ரேடார்களை இயங்க வைத்து, பிறகு தாக்கினார்கள். சிரியா வரைபடத்தில் இதை அமைப்பவர்கள் நூறு விமானங்களை வைத்துக் கணினியைத் திணறடிக்கிறார்கள். ஒரு எஃப்-4 விமானம், அதற்கு எதிரே ஒழுங்காக அமைக்கப்பட்ட ஒரு கூப் தொகுதி, அதன் ரேடார் இயங்கும் அந்தச் சில நிமிடங்கள். மிச்சத்தை வானொலிக் குரல்களால் உணர்த்தலாம்.

மிஷனின் தேதியைச் சரியாக வைத்து, அந்தக் காலத்தில் இருந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியை எடிட்டரில் இயக்குங்கள். 2008 ஜார்ஜியப் போரை எடுத்தால் வேறு வகைச் சிக்கல் கிடைக்கிறது. ரஷ்யா, ஜார்ஜியா இரண்டுமே சு-25 வகையைப் பறக்கவிட்டன, ஒற்றை இருக்கை சு-25 தயாரானதே திபிலிசி ஆலையில்தான். மேலே தெரியும் அந்த உருவம் யாருடையது என்ற கேள்வியே ஒரு முழு மிஷனுக்குப் போதுமானது.

இவை உண்மையான மனிதர்கள் இறந்த இடங்கள். ஊர்களையும் குடியிருப்புகளையும் இலக்காக வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். குடியிருப்புக்கு அருகே சண்டை நடந்தால், அங்கே குண்டு விழுந்தால் மிஷன் தோல்வி என்று வையுங்கள். விமானியின் கை அந்தப் பொத்தானில் தயங்க வேண்டும்.

யூனிட்டுகள் கூடக்கூடக் கணினி திணறுகிறது.

சுடவோ நகரவோ வேண்டாத எல்லாவற்றையும் நிலைப்பொருளாக, அதாவது ஸ்டாட்டிக்காக வையுங்கள். தளத்தில் நிற்கும் அலங்கார விமானங்கள், லாரிகள் எல்லாம் அப்படியே. சாலையில் வழி தேடி நகரும் வாகனங்களே அதிகச் சுமை. பிந்திய கட்டத்தில் வருபவற்றுக்கு லேட் ஆக்டிவேஷன் கொடுங்கள். அதற்கும் மேல், ஓசா பற்றிய பதிலை மறுபடி படியுங்கள். பெரும்பாலான யூனிட்டுகள் இருந்தும் இல்லாமலும் ஒன்றுதான்.

மூஸ், மிஸ்ட் போன்ற ஆயத்த லுவா நிரல் தொகுப்புகள் எப்போது தேவை?

ஒரே மாதிரியான டிரிக்கரை இருபது முறை நகலெடுக்க ஆரம்பிக்கும்போது. அழிந்த அணிக்குப் பதில் புதிய அணி வருவது, பல ஏவுகணைத் தொகுதிகள் ஒன்றோடொன்று தகவல் பகிர்ந்து ரேடாரை மாறி மாறி அணைத்து இயக்குவது போன்றவற்றை டிரிக்கர் பட்டியலில் செய்வது வீண் உழைப்பு.

மிஷன் தொடங்கும்போது தொகுப்பை முதலில் ஏற்றுங்கள், உங்கள் கோப்பை அடுத்து ஏற்றுங்கள். இங்கே எல்லோரும் சிக்கும் இடம் ஒன்று: கோப்பைத் தேர்ந்தெடுத்த கணத்தில் அதன் நகல் மிஷனுக்குள் போய்விடுகிறது. வெளியே திருத்தினால் உள்ளே மாறாது. திருத்தியதும் டிரிக்கரில் மறுபடி தேர்ந்தெடுங்கள். பிழை எங்கே என்று அறிய, சேவ்டு கேம்ஸ் கோப்புறையில் டிசிஎஸ் பகுதியின் லாக்ஸ் என்ற இடத்தில் உள்ள பதிவேட்டைப் படியுங்கள். வரி எண்ணோடு சொல்லும். கணினியின் கோப்புகளைத் தொட அனுமதிக்கும்படி சிமுலேட்டரின் பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்தச் சொல்லும் மிஷன்களை, உருவாக்கியவரை அறியாமல் ஏற்காதீர்கள்.

என் கணினியில் ஓடும் மிஷன் நண்பரிடம் திறக்க மறுக்கிறது.

வரைபடம் அவரிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, நீங்கள் நிறுவிய துணைச் சேர்க்கைகள். ஒருமுறை வைத்துப் பார்த்து நீக்கிய விமானத்தின் பெயர்கூட, தேவைப்படும் தொகுப்புகளின் பட்டியலில் தங்கிவிடலாம். மேலே சொன்னபடி மிஷனை ஜிப்பாகத் திறந்து, அதிலுள்ள முதன்மைக் கோப்பில் அந்தப் பெயரைத் தேடி நீக்குங்கள். நீக்கும் முன் நகல் எடுத்துவையுங்கள்.

ஒருமுறை ஆடினால் எல்லாம் தெரிந்துவிடுகிறது. மறுமுறை ஆட என்ன செய்வது?

தற்செயல் எண் கொடுக்கும் ஃபிளாக்கைப் பயன்படுத்தி மூன்று வேறுபாடுகள் செய்யுங்கள், முப்பது வேண்டாம். ஓசா அணியின் முன்னால் வரும், அல்லது பின்னால் வரும், அல்லது பாலத்தருகே ஏற்கெனவே காத்திருக்கும். வாகனங்களின் இடத்தைக் கன்னாபின்னாவென்று மாற்றினால் விமானிக்குத் தேடும் வேலை மட்டும் கூடும். அச்சுறுத்தல் வரும் திசையை மாற்றினால் அவர் எடுக்க வேண்டிய முடிவே மாறும்.

சோதித்துப் பார்ப்பது எப்படி? நானே பலமுறை பறந்துவிட்டேன்.

நீங்கள் பறந்தது போதாது, ஓசா எங்கே என்று உங்களுக்குத் தெரியும். வேறொருவரிடம் கொடுத்து, அவர் பறக்கும்போது பேசாமல் இருங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள், விளக்கத்தில் விடுபட்டவை அவைதான். முடிந்ததும் டாக்வியூ போன்ற பதிவுக் கருவியில் அவர் பாதையைப் பாருங்கள். எங்கே தயங்கினார், எங்கே வீணாக வட்டமடித்தார் என்பது தெரியும்.

பிறகு நீங்களே தவறாக ஆடிப் பாருங்கள். ஓடுதளத்திலேயே உட்கார்ந்திருங்கள். ஒரு குண்டும் போடாமல் திரும்பி இறங்குங்கள். குட்டைசியில் இறங்குங்கள். துணை விமானத்தை இழந்துவிட்டுத் தொடருங்கள். பாலத்தை வாகனங்கள் கடந்தபின் அவற்றைத் தாக்குங்கள். இந்த ஐந்திலும் மிஷன் ஏதாவது ஒரு பதிலைச் சொல்ல வேண்டும், ஒரு வரி வானொலிச் செய்தியாக இருந்தாலும் சரி. எதில் மௌனமாக இருக்கிறதோ, அடுத்த டிரிக்கரை அங்கே எழுதுங்கள்.